கிணற்றில் போட்ட கல்

சாரல் சீஸன் வந்துவிட்டால் தென்காசிக்காரனுக்கு ஓர் அபாயம் உண்டு. உறவினர்கள். பத்து வருஷமாகப் பேசாத மெட்ராஸ் சித்தப்பா ஜூன் மாதம் போன் பண்ணி, ‘‘என்னப்பா, எப்படி இருக்கு?’’ என்பார். நானும் அப்பாவியாக, ‘‘லேசா முதுகு வலி சித்தப்பா’’ என்று ஆரம்பிப்பேன். ‘‘அத விடு, ஐந்தருவியில தண்ணி எப்படி இருக்கு?’’ என்பார். அருவிக்கு இருக்கிற மரியாதை அண்ணன் மகனுக்குக் கிடையாது.

இந்தத் தடவை போன் மெட்ராஸிலிருந்து வரவில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி, பாவூர்சத்திரம் போகிற வழியில் தோட்டம் துரவோடு இருக்கும் என் அக்காவிடமிருந்து வந்தது.

‘‘ஏலே, ஒடனே பொறப்பட்டு வா. ரெண்டு விஷயம். கிணத்துக்கு மோட்டார் வாங்கணும். இன்னொண்ணு, ஒன் மருமகன் காமர்ஸ் குரூப்புக்கு மாறப் போறானாம். ஒன்னப் பாத்துத்தான் இந்தப் புத்தி வந்திருக்கு.’’

வாசகர்களுக்கு ஒரு தகவல்: நான் பி.காம். தென்காசியில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிவிட்டு, மீதி நேரத்தில் இப்படிப் பத்திரிகைக்கும் எழுதுகிறேன். முதலாவது சோறு போடுகிறது. இரண்டாவது, ‘இவன் உருப்பட மாட்டான்’ என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆகவே அக்காவின் குற்றச்சாட்டு எனக்குப் புதிதில்லை.

குற்றாலத்தில் சாரல் பிய்த்துக் கொண்டிருந்தது. பைக்கில் கிழக்கே போகப் போக மழை மெலிந்து, தூறலாகி, வெறும் காற்றாகி, அக்கா வீட்டு வாசலில் வெயில் அடித்தது. எங்கள் ஜில்லாவின் விசேஷம் இது. (2019 நவம்பரில் தனி ஜில்லா ஆகிவிட்டோம், தெரியும் அல்லவா?) மலையடிவாரத்தில் ஜனங்கள் தண்ணீருக்குக் கீழே நின்று தலையைக் காட்டிக் கொண்டிருப்பார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி நாங்கள் கிணற்றுக்குள் தலையை விட்டு, தண்ணீர் எங்கே என்று தேடிக் கொண்டிருப்போம்.

முதலில் மருமகன் விவகாரம். பையன் பதினொன்றாம் வகுப்பு, கணக்கு குரூப். சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. திண்ணையில் உட்கார்ந்து, மோட்டு வளையைப் பார்த்துக் கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு டெஸ்ட் பேப்பர். சிவப்பு மை.

‘‘சரியாத்தான் மாமா போட்டேன். ஆனா மார்க்கைக் கட் பண்ணிட்டாங்க. எனக்குக் கணக்கு வராது. நான் காமர்ஸே போறேன்.’’

அந்த ‘காமர்ஸே’யில் இருந்த ‘ஏ’ என்னை லேசாகக் குத்தியது. இருந்தாலும் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். கேள்வி இது. (எக்ஸ் என்றால் எனக்கு அலர்ஜி. நாம் ‘அ’ என்றே வைத்துக் கொள்வோம்.)

√(அ + 7) = அ − 5. ‘அ’வின் மதிப்பு என்ன?

பையன் ஒழுங்காகத்தான் போட்டிருந்தான். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால் அ + 7 = அ² − 10அ + 25. இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கம் அனுப்பினால் அ² − 11அ + 18 = 0. காரணிப்படுத்தினால் அ = 9 அல்லது 2. இரண்டையும் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தான். வாத்தியார் அந்த 2-ஐச் சுழித்து, ‘சரிபார்க்கவில்லை’ என்று எழுதி மார்க்கைக் குறைத்திருந்தார்.

அந்தச் சிவப்புச் சுழியைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு, இதே மாதிரி இரண்டு விடை, இதே சிவப்பு மை. ‘ஏன் ஸார்?’ என்று கேட்க தைரியம் இல்லை. மறு வாரமே குரூப் மாறினேன். அதற்கப்புறம் டெபிட், கிரெடிட்தான் என் உலகம். ‘ஏன்’ என்பது மட்டும் உள்ளே கிடந்தது, கிணற்றில் போட்ட கல் மாதிரி.

‘‘மாமா, ஒங்களுக்காவது தெரியுமா? ரெண்டுல எதுக்கு ஒண்ணு தப்பு?’’

‘‘அது வந்து... இரு, முதல்ல மோட்டாரப் பாத்துருவோம்’’ என்று நழுவினேன். தாய்மாமன் பதவிக்கு ஒரு கௌரவம் இருக்கிறதே.

கிணற்றடியில் நிலைமை இன்னும் மோசம். மோட்டார் கடைக்காரர் வந்து எட்டிக்கூடப் பார்க்காமல், ‘‘மேல வைக்கிற மோனோபிளாக் போதும்க்கா, எல்லா வீட்லயும் அதான்’’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். துபாயிலிருந்து அத்தான் பணமும் அனுப்பிவிட்டார். இங்கேதான் ஒரு சூட்சுமம். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற மோட்டார், நிஜத்தில் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயிலிருக்கும் காற்றை அது எடுத்துவிட, வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் 10.3 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டர், அதாவது இருபத்தைந்து அடி வந்தாலே பெரிய விஷயம். அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால் எத்தனை குதிரைசக்தி மோட்டார் வைத்தாலும் சத்தம் வரும், தண்ணீர் வராது. (நம் ஆபீஸ்களிலும் சிலர் இப்படி உண்டு.) அந்த ஆழத்துக்கு, தண்ணீருக்குள்ளேயே இறங்கி நின்று தள்ளுகிற சப்மெர்ஸிபிள்தான் சரி.

ஆக, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது? யாருக்கும் தெரியவில்லை. அக்கா ‘‘முப்பது’’ என்றாள். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி ‘‘அம்பதுக்குக் கொறையாது’’ என்றார். எட்டிப் பார்த்தால் இருட்டில் ஒரு தட்டு சைஸில் வானம் தெரிந்தது.

பையன்தான் சொன்னான்: ‘‘கல்லைப் போட்டு, சத்தம் வர நேரத்தப் பாத்தா கண்டுபிடிச்சிரலாம் மாமா. பிஸிக்ஸ்ல இருக்கு.’’

போட்டோம். சின்னதாக ஐந்து கற்கள். நான் போட, அவன் செல்போனில் நேரம் பார்த்தான். 1.9, 2.1, 2.0, 2.0, 2.0. சராசரி 2 விநாடி. ‘கிணற்றில் போட்ட கல்’ என்று பதில் வராத விஷயத்துக்கு உவமை சொல்கிறோமே, அது தப்பு. நான் எழுதிப் போட்ட வங்கி வேலை விண்ணப்பங்கள் வேண்டுமானால் அந்த ரகம். கல்லுக்கு இரண்டு விநாடியில் பதில் வந்துவிடுகிறது.

அந்த 2 விநாடியில் இரண்டு பயணம் இருக்கிறது. கல் கீழே போகிற நேரம் ஒன்று, ‘ப்ளக்’ என்கிற சத்தம் மேலே வருகிற நேரம் ஒன்று. விழுகிற பொருள் எத்தனை விநாடி விழுகிறதோ, அந்த எண்ணை வர்க்கப்படுத்தி 4.9-ஆல் பெருக்கினால் விழுந்த தூரம் மீட்டரில் வரும். அதைத் திருப்பிப் போட்டால் நேரம் வேண்டும் என்கிற இடத்தில் வர்க்கமூலம் வந்து உட்கார்ந்துவிடும். சத்தமோ விநாடிக்கு 340 மீட்டர் போகும். ஆழத்தை ‘ஆ’ என்று வைத்தால்,

√(ஆ ÷ 4.9) + ஆ ÷ 340 = 2

பையன் முகம் வெளுத்தது. ‘‘மாமா, மறுபடியும் அதே மூலம்!’’

மூலம் என்ற வார்த்தை தமிழனை லேசில் விடாது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மூலம், பௌத்திரம்’. கல்யாணத் தரகரிடம் மூல நட்சத்திரம். கணக்கில் வர்க்கமூலம். கோயிலில் இருக்கிற மூலவரைத் தவிர வேறு எந்த மூலமும் எனக்கு நிம்மதி கொடுத்ததில்லை.

‘‘இதுக்கு கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் இருக்காமே’’ என்று ஆரம்பித்தேன். இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற பெரிய பெரிய மென்பொருட்கள். என் சிநேகிதன் ஒருவன், ‘‘எதுக்குக் காசு? கிராக் பண்ணினது தர்றேன்’’ என்று முன்பே சொல்லியிருக்கிறான். கணக்கு எழுதுகிறவன் திருட்டுக் கணக்கில் ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை. (வைரஸ் பயமும் உண்டு.)

அக்காவின் மூத்த பெண் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. தூசி தட்டினோம். உயிர் இருந்தது. அதில் நானும் மருமகனும் ‘மாக்ஸிமா’ என்ற மென்பொருளை இறக்கிக் கொண்டோம். பைசா செலவில்லை.

மாக்ஸிமாவின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1968-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ‘மாக்ஸிமா’வுக்கு அப்பாவான ‘மாக்ஸைமா’ பிறந்தது. எண்களை மட்டும் கூட்டிக் கழிக்காமல், அ, ஆ என்று எழுத்துக்களையே வைத்துக் கொண்டு அல்ஜீப்ரா போடும் ஆரம்ப கால மென்பொருட்களில் ஒன்று. அதன் ஒரு பிரதி அமெரிக்க எரிசக்தித் துறையிடம் இருந்தது. டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் வில்லியம் ஷெல்டர் என்ற புரொபஸர் 1982-லிருந்து அதைக் குழந்தை மாதிரி பார்த்துக் கொண்டிருந்தார். 1998-ல் அந்தத் துறையிடம் அனுமதி வாங்கி, ஜி.பி.எல். என்கிற உரிமத்தின் கீழ் உலகத்துக்கே திறந்துவிட்டார். 2001-ல் அவர் காலமானார். மாக்ஸிமா இன்றும் ஓடுகிறது. முகம் தெரியாத பலபேர் சேர்ந்து பார்த்துக் கொள்கிறார்கள்.

இதை ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறார்கள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரம்பித்து வைத்த இயக்கம். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசத்தைப் பற்றி தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மிக்ஸி, கிரைண்டர் வரை எம்.ஏ. பட்டம் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த மிக்ஸியை எப்படிச் செய்தார்கள் என்று வரைபடமும் கொடுத்து, ‘மாற்றிக் கொள், அதே மாதிரி செய்து பக்கத்து வீட்டுக்கும் கொடு’ என்று சொன்னால், அதுதான் கட்டற்றது. நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். குற்றாலத்திலும் அருவி எங்கிருந்து வருகிறது என்று இஷ்டத்துக்கு மேலே ஏறிப் பார்க்க வனத்துறை விடாது. இங்கே மூலத்தைப் பேஷாகப் பார்க்கலாம். ‘மூல நிரல்’ என்றே பெயர்.

நமக்கு மேற்கே, செங்கோட்டை தாண்டினால் கேரளா. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்று 2001-ல் ஆரம்பித்த திட்டம், இப்போது ‘கைட்’ என்ற பெயரில் நடக்கிறது. அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான். 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டையும் திருவிதாங்கூர் வழி வந்த அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தது நமக்கு லாபம். பரோட்டா பார்டரில் நின்றது இரண்டு பேருக்கும் லாபம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆழம் பார்ப்பதற்கு முன் வெள்ளோட்டமாகப் பையனின் டெஸ்ட் கேள்வியைப் போட்டோம். ‘ஸால்வ்’ என்று கட்டளை கொடுத்து √(அ + 7) = அ − 5 என்று தட்டினோம். மாக்ஸிமா யோசிக்கவே இல்லை. பளிச்சென்று பதில் சொன்னது:

அ = √(அ + 7) + 5

நானும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். ‘உங்க ஊர் எது?’ என்று கேட்டால் ‘எங்க ஊர்தான்’ என்கிற பதில்! ஐந்தைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுவிட்டு, விடை என்கிறது. அரசு அலுவலகத்தில் தகவல் கேட்டால் நம் கடிதத்தையே நகல் எடுத்து அனுப்புவார்களே, அந்த மாதிரி.

‘‘எம்.ஐ.டி. பிள்ளைக்கும் வரலையே மாமா’’ என்றான் மருமகன். அவன் முகத்தில் ஒரு மாதம் கழித்து முதல் தடவையாகச் சிரிப்பு.

விஷயம் என்னவென்றால், மாக்ஸிமாவின் சாதாரண ‘ஸால்வ்’ வர்க்கமூலம் இருந்தால் தானாக வர்க்கப்படுத்தாது. அப்படிச் செய்வது ஆபத்து என்று அதற்குத் தெரியும். ‘நீயே வர்க்கப்படுத்திக் கொண்டு வா, அப்புறம் போடுகிறேன்’ என்று உட்கார்ந்து கொள்கிறது. ஸ்டாம்ப் ஒட்டாத ரசீதை பில்லில் சேர்க்க மாட்டேன் என்கிற ஹெட் கிளார்க் மாதிரி.

கிணற்றுக் கணக்கை நாங்களே வர்க்கப்படுத்தினோம். வர்க்கமூலத்தை ஒரு பக்கம் தனியாக நிறுத்தி, மீதியை மறுபக்கம் தள்ளி, இரண்டையும் வர்க்கம்:

(2 − ஆ ÷ 340)² = ஆ ÷ 4.9

தட்டினோம். முதலில் ‘உங்கள் தசமத்தைப் பின்னமாக மாற்றிக் கொண்டேன்’ என்று ஒரு அறிவிப்பு. தசமம் என்றால் தோராயம், பின்னம் என்றால் துல்லியம் என்பது அதன் கட்சி. பைசா சுத்தமான ஆடிட்டர்! அப்புறம் வந்தது விடை. ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று: 18.5 மீட்டர்.

இன்னொன்று: 24,933 மீட்டர்.

அதாவது எங்கள் அக்கா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது! தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தாலும் அத்தனை தூரம் வராது. ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் 1970-ல் ஆரம்பித்து பூமியைத் துளைத்தார்கள். 1989-ல் 12,262 மீட்டர் வரைக்கும்தான் போக முடிந்தது. எங்கள் தாத்தா, கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து அதைப் போல இரண்டு மடங்கு தோண்டியிருக்கிறார் என்றால் பெருமையாகத்தான் இருந்தது.

‘‘இது தப்புன்னு பாத்தாலே தெரியுது மாமா. ஆனா எப்படி வந்தது? நாம எங்கயும் தப்பாப் போடலையே?’’

கேட்டான் பாருங்கள், நான் இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்காமல் விட்ட கேள்வி.

‘‘அந்தப் பெரிய நம்பரக் கேள்வியிலயே திருப்பிப் போடு’’ என்றேன். போட்டான். ஆழம் 24,933 என்றால் சத்தம் மேலே வர 73.33 விநாடி. 2-லிருந்து அதைக் கழித்தால் மைனஸ் 71.33. கல் விழுகிற நேரம் எவ்வளவு என்று பார்த்தால், பிளஸ் 71.33. எண் ஒன்றுதான். குறிதான் வேறு. கல், கையை விட்டுக் கிளம்புவதற்கு 71 விநாடி முன்னாலேயே தண்ணீரில் விழுந்துவிட்டால் மட்டும் இந்த விடை சரி.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கணக்கு வாத்தியார் சொல்லி விளங்காதது, பி.காம். படிப்பால் விளங்கியது.

‘‘ஏ மருமகனே, இங்க பாரு. ஒருத்தன் எனக்கு மூணு ரூவா தரணும். இன்னொருத்தனுக்கு நான் மூணு ரூவா தரணும். ஒண்ணு பிளஸ் மூணு, இன்னொண்ணு மைனஸ் மூணு. ரெண்டும் ஒண்ணா?’’

‘‘இல்ல.’’

‘‘ரெண்டையும் வர்க்கப்படுத்து.’’

‘‘ஒம்பது, ஒம்பது.’’

‘‘இப்ப யாரு கடன் வாங்கினவன், யாரு கொடுத்தவன்?’’

பையன் பேனாவைக் கீழே வைத்தான். ‘‘தெரியல மாமா!’’

‘‘அதான் விஷயம். வர்க்கப்படுத்தினா பற்று எது, வரவு எதுன்னு அடையாளம் அழிஞ்சு போயிரும். நீ கேட்டது ஒரு கேள்வி. வர்க்கப்படுத்தினதும் அது ரெண்டு கேள்வியா ஆயிருது. ஒண்ணு நீ கேட்டது. இன்னொண்ணு, வர்க்கமூலத்துக்கு முன்னால மைனஸ் போட்டு வேற எவனோ கேட்டது. கணக்கு ரெண்டுக்கும் சேத்து விடை சொல்லிருது. அதுல நம்ம விடை எதுன்னு நாமதான் பொறுக்கணும்.’’

அவன் தானாகவே டெஸ்ட் பேப்பரை எடுத்தான். அ = 9 போட்டான். √16 என்பது 4, 9 − 5-ம் 4. சரி. அ = 2 போட்டான். √9 என்பது 3, ஆனால் 2 − 5 என்பது மைனஸ் 3. அந்த 2, அடுத்த வீட்டுக்காரன் கடிதம். விலாசம் ஒரே மாதிரி இருந்ததால் நம் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் படிப்பிலும் இது உண்டு என்று அவனுக்குச் சொன்னேன். டிரையல் பேலன்ஸ் போட்டு, இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் டேலி ஆகிவிட்டால் புதிதாக வந்த கிளார்க் துள்ளிக் குதிப்பான். அனுபவசாலி குதிக்க மாட்டார். ஒரு பக்கம் நூறு ரூபாய் கூடுதல், மறுபக்கம் வேறெங்கோ நூறு ரூபாய் கூடுதல் என்று இரண்டு தப்பு சேர்ந்தாலும் டேலி ஆகும். டேலி ஆவது வேறு, சரியாக இருப்பது வேறு. வவுச்சரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாக்ஸிமாவிலேயே இதற்கு வழியும் இருக்கிறது. ‘டு பாலி ஸால்வ்’ என்று ஒரு துணைத் தொகுப்பு. அதை ஏற்றிக் கொண்டு கேட்டால் வர்க்கமூலம் இருக்கிற இடத்தில் ஒரு புது எழுத்தை வைத்துவிட்டு, அந்த எழுத்து எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் எழுதிக் கொள்ளும். நம் சாதாரண எண்களுக்கு அதன் அர்த்தம், ‘மைனஸ் ஆகக் கூடாது’. பைதான் மொழி தெரிந்தவர்களுக்கு ‘சிம்பை’ என்று இன்னொரு கட்டற்ற மென்பொருள். அது விடைகளைத் தானே கேள்வியில் போட்டுப் பார்த்து, பொருந்தாததைக் குப்பையில் போட்டுவிட்டு 9-ஐ மட்டும் தரும். ‘சோதிக்காதே’ என்று நீங்கள் சொன்னால் 2, 9 இரண்டையும் தரும். முதலாளி சொன்னால் சரி!

இதில்தான் மூல நிரலின் மகிமை. செல்போனில் கேள்வியைப் போட்டோ எடுத்தால் விடையைத் துப்புகிற ஆப்கள் ஏராளம். விடை எப்படி வந்தது, எதை ஏன் விட்டது என்று அதன் மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. இங்கே எந்த இடத்தில் சோதிக்கிறது, என்ன நிபந்தனை என்று பொறுமை இருந்தால் படித்தே பார்க்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. மருமகன் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

படிக்கிற சாக்கில் அவனுக்கு இன்னொன்றும் சொன்னேன். 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் வர்க்கமூலம் என்று முடிவே இல்லாமல் போகும்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...

கேட்டவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. இதற்கு மாய மந்திரம் வேண்டாம். 3 என்பது √9. 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1 + 4 × 6. இப்படியே இறங்கிப் போய்க் கொண்டே இருக்கலாம். பையன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். 5 வரை போய் நிறுத்தினால் 2.755. 10 வரை போனால் 2.990. கிணற்றில் இறங்க இறங்க 3 நெருங்கி வருகிறது.

‘‘அவர் காலேஜ்ல என்ன மார்க் மாமா?’’

‘‘பெயில். ஒரு தடவ இல்ல. கணக்கைத் தவிர வேற எதையும் படிக்கல.’’

‘‘அப்புறம்?’’

‘‘1912-ல மெட்ராஸ் துறைமுகத்துல, கணக்குப் பிரிவுல குமாஸ்தா. மாசம் முப்பது ரூவா சம்பளம்.’’

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். குமாஸ்தா என்ற வார்த்தைக்குப் புது மரியாதை வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

18.5 மீட்டர் என்றால் அறுபத்தொரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மோனோபிளாக் வாங்கியிருந்தால் அத்தான் துபாயில் உழைத்த பணம், கிணற்றடியில் உறுமிக் கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் அக்காவிடம் போய், மாக்ஸிமா, ராமானுஜன், ரஷ்யா எல்லாவற்றையும் விளக்கி, ‘‘அறுவது அடி. சப்மெர்ஸிபிள்தான் வாங்கணும்’’ என்று கம்பீரமாக அறிவித்தேன்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த ஆச்சி தலையைத் தூக்கினாள். ‘‘ஏ ராசா, மத்தியானத்துல இருந்து ரெண்டு பேரும் இதுக்கா மல்லுக்கட்டுதிய? ஒரு கயித்துல கல்லக் கட்டி உள்ள விட்டுப் பாத்தா முடிஞ்சு போச்சு.’’

வீட்டில் நிசப்தம்.

கயிறு வந்தது. கல் கட்டினோம். தண்ணீர் தொட்டதும் முடிச்சுப் போட்டு மேலே இழுத்தோம். ஆச்சி முழம் போட்டாள். நாற்பத்தொரு முழம். எனக்கு ஆச்சி முழத்தில் நம்பிக்கை உண்டு என்றாலும் டேப்பையும் வைத்தேன். அறுபத்தொன்றரை அடி.

ஒரு அடிக்குள்தான் வித்தியாசம்! கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்ததுதான் என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஸ்டாப்வாட்ச்சைப் பத்தில் ஒரு விநாடி பிசகி அமுக்கியிருந்தால் ஆறு அடி தள்ளிப் போயிருக்கும். ஐந்து கல் போட்டுச் சராசரி எடுத்ததற்கு அதுதான் காரணம்.

அக்கா சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஆனால் மருமகன் சிரிக்கவில்லை. கயிற்றையே பார்த்துக் கொண்டிருந்தான்.

‘‘மாமா, ஆச்சி செஞ்சதும் அதானே? விடையைத் திருப்பிக் கிணத்துலயே போட்டுப் பாத்தாச்சு.’’

நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் குரல் கம்மியிருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் போட்ட ஒரு கல், அன்றைக்குத்தான் ‘ப்ளக்’ என்றது.

கிளம்பும்போது பைக்கை உதைத்துக் கொண்டே கேட்டேன்: ‘‘அப்ப குரூப்பு? கணக்கா, காமர்ஸா?’’

‘‘ரெண்டு விடை வந்திருக்கு மாமா’’ என்றான். ‘‘செக் பண்ணிட்டுச் சொல்லுதேன்.’’

பி.கு.: மறு வாரம் வாத்தியாரைப் போய்ப் பார்த்து, ‘2 ஏன் தப்பு என்று தெரிந்து கொண்டேன்’ என்று சொல்லியிருக்கிறான். மார்க்கைக் கூட்டவில்லையாம். ஆனால், ‘‘யாருடே சொல்லிக் குடுத்தா?’’ என்று கேட்டாராம். எங்கள் மாமா என்று சொல்லியிருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? ‘‘எங்க ஆச்சி’’ என்று சொல்லியிருக்கிறான், படவா.